நர்ஸ் முதலில், டாக்டர் பிறகு

ஜூன் மாதம் காவேரிப்பட்டினத்தில் இரண்டு வரிசைகள் நீளும். மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ஒரு வரிசை. ஜெராக்ஸ் கடை வாசலில் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இன்னொரு வரிசை. நாள் கடந்தால் விலை இறங்கிவிடும் என்ற பதற்றம் இரண்டிலும் உண்டு.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இது கண்ணகி பிறந்த காவிரிப்பூம்பட்டினம் இல்லை. இங்கே காவிரியும் கிடையாது, கடலும் கிடையாது. ஓடுவது தென்பெண்ணை, அதுவும் கிருஷ்ணகிரி அணையில் திறந்துவிட்டால்தான். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவே, மாம்பழத்துக்கும் நிப்பட்டுக்கும் பேர்போன ஊர். பெங்களூரு சுமார் நூறு கிலோமீட்டர். சென்னை அதைப்போல் இரண்டரை மடங்கு தூரம்.

ஜெராக்ஸ் கடை வரிசையில் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் ஓடும். “என்னா குரூப்பு?” “பயாலஜி.” “நீட் எழுதினியா?” அதற்குமேல் பிள்ளை வாய் திறக்காது. கூட வந்த அம்மாதான் சொல்வார்: “எழுதியிருக்குங்க. கிடைக்கலைன்னா நர்சிங் பார்க்கணும். அதுவும் இல்லைன்னா ஏதாவது காலேஜ்ல பி.எஸ்சி. போட்டுடலாம்னு இருக்கோம்.”

அந்த ஒரு பதிலில் எங்கள் வட்டாரத்தின் படிப்பு ஏணி முழுதும் இருக்கிறது. உச்சியில் எம்.பி.பி.எஸ். அதற்குக் கீழே பல் மருத்துவம், சித்தா, பிசியோதெரபி. இன்னும் கீழே நர்சிங். கடைசிப் படியில் பி.எஸ்சி. ஜுவாலஜியும் பாட்டனியும் மைக்ரோபயாலஜியும். “போட்டுடலாம்” என்ற சொல்லைக் கவனியுங்கள். பழைய துணியை மூட்டையில் போடுவதுபோல. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று நம் கிருஷ்ணகிரிக்கு வந்தது. ஆண்டுக்கு 150 இடம். பக்கத்திலேயே கல்லூரி வந்ததும் ஆசை இன்னும் கிட்டே வந்துவிட்டது. இடம் மட்டும் எட்டத்திலேயே நிற்கிறது.

ஆனால் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி வேலூரில் இந்த ஏணி தலைகீழாகக் கட்டப்பட்டது. அந்தக் கதையை எங்கள் ஊர்ப் பெற்றோர் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

1890-களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, ஒரு மிஷனரி டாக்டரின் பங்களா கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. டாக்டர் வருகிறேன் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம், உங்கள் மகளை அனுப்புங்கள் என்றார்கள். மகள் ஐடா ஸ்கடருக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899-இல் மருத்துவப் பட்டம் வாங்கித் திரும்பினார். 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார், 1902-இல் ஆஸ்பத்திரி. அதுதான் இன்றைய சி.எம்.சி., கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. பலரும் தாண்டிப்போவது இதற்குப் பிறகு உள்ள வரிசையை. டாக்டர்களை உருவாக்கும் பள்ளியை அவர் முதலில் தொடங்கவில்லை. 1909-இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல்தான், அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது 1942-இல். 1946-இல் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியபோது, இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டம் தந்த முதல் இரண்டு இடங்களில் வேலூர் ஒன்று, இன்னொன்று டெல்லி. அதற்கு அடுத்த வருஷம்தான் எம்.பி.பி.எஸ். வகுப்பில் ஆண்களையே சேர்த்தார்கள். கட்டில் பக்கத்தில் ராத்திரி முழுக்க நிற்க ஒரு ஆள், மருந்து கலக்க ஒரு ஆள், ரத்தம் பார்க்க ஒரு ஆள். இவர்கள் இல்லாமல் டாக்டர் வெறும் கைதான் என்பது ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியவருக்குத் தெரிந்திருந்தது. சி.எம்.சி.க்குப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். அங்கே டாக்டரைப் பார்ப்பது பத்து நிமிஷம். மீதி நாளெல்லாம் ரத்தம் எடுப்பவர், ஸ்கேன் எடுப்பவர், டயட் சொல்பவர், டிரெஸ்ஸிங் மாற்றுபவர் என்று வேறு முகங்கள்தான்.

சரி, கடைசிப் படிக்கு வருவோம். வேலூரில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் போய்ப் படிக்கிற கிறிஸ்தவக் கல்லூரிகள் வேறு. திருப்பத்தூரில் சலேசிய சபையார் 1951-இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது. அதே சபையின் டான் போஸ்கோ கல்லூரி தர்மபுரியில் 2007-இல் வந்தது. பெண்களுக்கு என்றால் காட்பாடியில் ஆக்சீலியம், 1954-இலிருந்து. கொஞ்சம் வசதியும் துணிச்சலும் இருந்தால் ஓசூர் தாண்டி பெங்களூரு: செயின்ட் ஜோசப்ஸ், மவுண்ட் கார்மல், நர்சிங்கும் துணை மருத்துவமும் சொல்லித்தரும் செயின்ட் ஜான்ஸ்.

கிறிஸ்தவக் கல்லூரி என்றதும் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி மதம் பற்றியது இல்லை. “அங்கே டிசிப்ளின் ஜாஸ்தியாமே?” என்பதுதான். அடுத்தது, “ஹாஸ்டல்ல சிஸ்டருங்க பார்த்துக்குவாங்கதானே?” கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு அதே மணியில் நீதிபோதனை. நான் படித்த கல்லூரியிலும் அப்படித்தான். கல்லூரியின் பேர் இங்கே வேண்டாம். பின்னால் ஒரு குறையும் சொல்லப்போகிறேன். அங்கே வெள்ளை அங்கி போட்ட ஃபாதர் ஒருவர்தான் எங்களுக்குப் பரிணாமம் எடுத்தார். டார்வினை அவர் சொல்லச் சொல்ல, பின் பெஞ்சில் ஒருவன், “ஃபாதர், அப்போ ஆதாம்?” என்று கேட்டான். ஃபாதர் சிரித்துவிட்டு, பட்டாணிச் செடியை வைத்து மரபியலுக்கே அடித்தளம் போட்ட மெண்டலும் ஒரு துறவிதான் என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தார். ஆதாமுக்குப் பதில் வரவில்லை. மெண்டல் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

நாங்கள் படித்த காலத்தில் மெழுகுத் தட்டில் தவளையை மல்லாக்க வைத்துக் குண்டூசி குத்துவோம். முதல் நாள் பாதிப் பேருக்குக் குமட்டல். இப்போது அது இல்லை. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. தவளைக்கு நல்லது. ஆனால் உயிர் போனபிறகும் கொஞ்ச நேரம் துடிக்கும் அந்த இதயத்தை நேரில் பார்த்த கைக்கும், திரையில் பார்க்கிற கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தக் குறையை இன்றைக்குத் தீர்ப்பது ரத்தமும் நுண்ணோக்கியும்தான்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவரும் பிள்ளைக்கு முதல் வருஷத்தில் இன்னொரு சுவர். விலங்கியல் புத்தகத்தில் ‘சிறுநீரக நுண்குழல்’ என்று படித்தது இங்கே நெஃப்ரான். ‘இரத்தத் தட்டுகள்’ பிளேட்லெட். தெரிந்த விஷயமே தெரியாத ஆளாக வந்து நிற்கும். முதல் செமஸ்டரில் அழுகிற பிள்ளைகளில் பாதி பாடத்துக்காக அழுவதில்லை, பேருக்காக அழுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிறிஸ்தவ மிஷன் மருத்துவக் கல்வியின் பழைய வேர் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் முதலில் வைத்தியம் பார்த்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். அவருக்குப் பிறகு 1847-இல் அங்கே வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தியபடியே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் சொல்லித்தந்தவர், பிறகு தமிழுக்கு மாறினார். உடற்கூறும் உடலியங்கியலும் சுகாதாரமும் அடங்கிய ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’ என்ற நூல் 1857-இல் வந்தது; அறுவை மருத்துவத்துக்கு ‘இரணவைத்தியம்’, வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்த ஒருவர், எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொல் தேடி ராத்திரி விளக்கு வைத்து உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சொற்களில் பல இன்று புழக்கத்தில் இல்லை. திருப்பத்தூர் பஸ்ஸில் நெஃப்ரானை உருப்போடும் பிள்ளைக்கு இந்தச் சங்கதியை யாரும் சொல்வதும் இல்லை.

மொழி விஷயத்தில் எங்கள் எல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு லாபம் இருக்கிறது. அதை அவர்களே மதிப்பதில்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் நிறையப் பேர். பெங்களூரு ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் “எங்க வலிக்குது?”, “எல்லி நோவு?”, “எக்கட நொப்பி?” என்று மூச்சுவிடாமல் மாற்றிக் கேட்க முடிகிற நர்ஸை எந்த வார்டு இன்சார்ஜும் விடமாட்டார். நோயாளி வலியைத் தாய்மொழியில்தான் சரியாகச் சொல்வார். இது எந்தச் சிலபஸிலும் இல்லை.

இப்போது குறை. என்னோடு படித்த ஒருவன் பி.எஸ்சி. ஜுவாலஜி முடித்தால் லேப் டெக்னீஷியன் ஆகிவிடலாம் என்று நம்பித்தான் சேர்ந்தான். சேரும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையாட்டினார். மூன்று வருஷம் கழித்து அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டபோதுதான் தெரிந்தது, கேட்பது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பை. ஜுவாலஜிப் பட்டத்தை இல்லை. மறுபடி டி.எம்.எல்.டி. சேர்ந்து, தன்னைவிட மூன்று வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தான். இப்போது நன்றாக இருக்கிறான். அந்த மூன்று வருஷத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

இந்தக் குழப்பம் இன்றும் அப்படியே இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற உயிரியல் வேறு, ஆஸ்பத்திரி வேலைக்கு உரிமை தரும் துணை மருத்துவப் படிப்பு வேறு. எம்.எல்.டி., ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆப்டோமெட்ரி, நர்சிங் எல்லாம் இரண்டாவது வகை. 2021-இல் நாடாளுமன்றம், நர்சிங் நீங்கலாக, இவற்றுக்கென்றே தேசிய ஆணையச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. துணை மருத்துவத் தொழில்களைப் பத்துப் பிரிவாகப் பிரித்து, படிப்புக்குத் தரம், ஆளுக்குப் பதிவு என்று கொண்டுவருகிறது. ஆகவே சேருவதற்கு முன் கேட்க வேண்டியது, “இதை முடித்தால் எங்கே பதிவு செய்யலாம்?” என்ற ஒரே கேள்வி. பதில் மழுப்பலாக வந்தால் ஃபீஸ் கட்டாதீர்கள்.

அப்படியானால் பி.எஸ்சி. உயிரியல் வீணா? இல்லவே இல்லை. அதன் கதவுகள் வேறு பக்கம் திறக்கின்றன. மருத்துவ நுண்ணுயிரியல், மருத்துவ உயிர்வேதியியல், பொதுச் சுகாதாரம், மருத்துவச் சமூகப் பணி என்று முதுகலைக்குப் போகலாம். சென்னையிலும் பெங்களூரிலும் மெடிக்கல் கோடிங் கம்பெனிகள் உயிரியல் பட்டதாரிகளைத்தான் தேடுகின்றன. உடற்கூறு தெரியாதவனுக்கு அந்த வேலை ஒரு வாரம்கூடத் தாங்காது. அட, உள்ளூரிலேயே பாருங்கள்: மாங்கூழ் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு அறையில் பிரிக்ஸ் என்ற இனிப்பளவு பார்த்து, அமிலத்தன்மை பார்த்து, தட்டில் பாக்டீரியா வளர்த்து எண்ணுவது மைக்ரோபயாலஜி படித்த பிள்ளைதான். டப்பா உப்பினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

ஆனால் இந்தக் கதவுகளுக்கெல்லாம் எதிரே ஓசூர் நிற்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை ஹாஸ்டலோடு, பஸ்ஸோடு வேலைக்கு எடுக்கின்றன. வீட்டுக்குச் சம்பளம் அடுத்த மாதமே வரும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022-இலிருந்து கிடைக்கிறது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். கம்பெனிச் சம்பளத்துக்கு முன்னால் அது நிற்காது. கடன் கழுத்தை நெரிக்கிற வீட்டில் பெண்ணை ஓசூர் பஸ்ஸில் ஏற்றுகிற அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கம்பெனியிலும் 500 பேருக்கு மேல் வேலை செய்தால் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறையில் உட்கார நர்ஸ் வேண்டும்.

உயிரியல் படித்த பிள்ளைக்கு எங்கள் மாவட்டத்தில் வேலை இருக்கிறதா என்று கேட்பவர்களை ஒரு கிராமத்துப் பள்ளி வாசலுக்கு அழைத்துப்போய்ப் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் பல்லில் காவிக்கறை படிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. பாறை ஊற்றில் வரும் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் கெடுதல். எனாமல் உருவாகும் சின்ன வயதில் குடித்தால் பல்லில் கறை நிற்கும்; வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பையே முடக்கும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் காவிரித் தண்ணீர் இந்த மாவட்டங்களுக்கு ஏறியது. குழாயில் தண்ணீர் வராத நாளில் பழைய போர்தான். பல்லைத் தேய்த்தால் போகும் கறை இல்லை இது, பல் முளைக்கும் முன்பே விழுந்த கறை என்று அம்மாக்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று, சொல்லக் கூசும் விஷயம். பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், பிறகு நாமும் சேர்ந்திருந்த அன்றைய தர்மபுரி மாவட்டத்துக்கும் வந்தது. வயிற்றில் இருப்பது என்ன என்று ஸ்கேனில் சொல்வதை 1994-இன் சட்டம் குற்றமாக்கியது. அப்படியும் ரகசிய ஸ்கேன் கும்பல்கள் இந்தப் பக்கம் பிடிபடாமல் இல்லை. மெஷினை இயக்கத் தெரிந்த கையும் உயிரியல் படித்த கையாக இருக்கலாம் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அதே உயிரியலின் முதல் வருஷப் பாடத்தில் இன்னொன்றும் இருக்கிறது: அம்மா தருவது எப்போதும் எக்ஸ், எக்ஸா ஒய்யா என்று தீர்மானிப்பது அப்பாவின் விந்தணு. “மூணும் பொட்டையாப் பெத்துப் போட்டா” என்று திட்டு வாங்கும் மருமகள் இருக்கிற வீட்டில், பி.எஸ்சி. படிக்கிற நாத்தனார் ஒருத்தி இந்தப் பாடத்தைச் சோற்றுத் தட்டின் முன் ஒருமுறை வாய்விட்டு ஒப்பித்தால் போதும்.

நர்ஸ் முதலில், டாக்டர் பிறகு என்ற வேலூரின் வரிசைக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது சென்னையில் இல்லை, சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில். வீட்டுத் திண்ணைக்கே வந்து பிரஷர் பார்ப்பவர், சர்க்கரை மாத்திரை தருபவர், படுத்த படுக்கையானவருக்குப் புண் துடைத்துவிடுபவர், கை காலை மடக்கி நீட்டிவிடும் பிசியோ. வாசலுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டாக்டர் இல்லை.

வேலூர் லேப் ஒன்றில் 1986 பிப்ரவரியில் நடந்தது இந்த மாதிரி வேலையின் கனம் என்ன என்று காட்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் தந்த ஆய்வுத் தலைப்புக்காகப் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்திருந்தார். வைக்க இடமில்லாமல் சீரத்தைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் போட்டு, கணவரோடு ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து, ஆட்டோ பிடித்து சி.எம்.சி. போனார். காலையில் தொடங்கிய வேலை, நடுவில் கரண்ட் போய், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடு அறிந்தது அந்த ஆறு மஞ்சள் குழிகளிலிருந்துதான். எந்த நோயாளியையும் குணமாக்கிய கதை இல்லை இது. ஊசி குத்தி, லேபிள் ஒட்டி, குளிர் குறையாமல் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிய கதை.

அந்த வேலையின் அரிச்சுவடி எந்த பி.எஸ்சி. லேபிலும் இரண்டாம் மணியில் நடக்கும். விரல் நுனியில் லான்செட்டால் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது சொட்டு, கடுகளவு, கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில். இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டைத் தொடும்வரை பின்னால் இழுக்க வேண்டும். ரத்தம் விளிம்போடு ஓடிப் பரவும். அந்த நொடியில் தயங்காமல் முன்னால் ஒரே தள்ளு. நாக்கு மாதிரி ஒரு படலம் விழும். நுனி இறகுபோல் மெலிந்து முடிந்தால் அதுதான் ‘வால்’. அதை ஒட்டித்தான் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகப் படுத்திருக்கும். உலர்ந்ததும் லீஷ்மன் சாயம், இரண்டு நிமிஷம் கழித்துத் தாங்கல் கரைசல், இன்னும் பத்து நிமிஷம், பிறகு கழுவி எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில். வெளிர்ச் சிவப்பில் சிவப்பணுக்கள், நடுநடுவே ஊதா உட்கருவோடு வெள்ளையணுக்கள், ஆரஞ்சுத் துகள் நிறைந்த ஈசினோஃபில். வயிற்றில் பூச்சி இருந்தால் அது கூடியிருக்கும்.

முதல் தடவை யாருக்கும் வராது. சொட்டு பெரிதாகிவிடும், கை நடுங்கிப் பட்டை பட்டையாக விழும், ஸ்லைடில் விரல் எண்ணெய் இருந்தால் படலத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். போன மாதம் ஒரு லேபில் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டின் கையை முழங்கைவரை மடித்திருந்த ஒரு பெண் நான்காவது ஸ்லைடைத் தள்ளினாள். ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வால் இல்லை. பக்கத்துப் பெஞ்சுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சை நீட்டினாள். இவள் அடுத்த விரலை நீவிவிட்டுக்கொண்டே புது ஸ்லைடைத் துடைத்தாள்.